வரைபடத்தில் இல்லாத புள்ளி

தங்கை படிக்கும் ஆய்வகத்தை ஒருமுறையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ரத்தினவேல் சவுதியிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தான். கூட வேலை செய்கிறவர்கள், "ஒன் தங்கச்சி டாக்டருக்குத்தானே படிக்குது?" என்று கேட்டால், ஊசி போடுகிற டாக்டர் இல்லை, ஆராய்ச்சி டாக்டர் என்று விளக்குவதற்குள் அவனுக்கு வேர்த்துவிடும். என்ன ஆராய்ச்சி என்று அடுத்த கேள்வி வந்தால் பேச்சை மாற்றிவிடுவான். அந்த முறை விடுப்பில் வந்து, மகள் ஹரிணிக்குக் காது குத்தி, கிடா வெட்டி, சொந்தபந்தமெல்லாம் சாப்பிட்டுவிட்டுப் போன மறுநாள், மனைவி செவந்தியை வண்டியில் ஏற்றிக்கொண்டு அன்னவாசலிலிருந்து கிளம்பினான். புதுக்கோட்டையைத் தாண்டித் திருமயம் சாலையில் இருந்த அந்தக் கல்லூரிக்கு இருவரும் வந்து சேர்ந்தபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது.

இளமதி வாசலுக்கே ஓடி வந்து கூட்டிக்கொண்டு போனாள். கண்ணாடிக் குடுவைகள், தராசு, ஓயாமல் உறுமும் குளிர்பெட்டி எல்லாவற்றையும் பார்த்தபடி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தான் ரத்தினவேல். எதையாவது தட்டிவிட்டுவிடுவோமோ என்று அவனுக்குப் பயம். கடைசியில் அவள் ஒரு சின்னப் பட்டையை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். ஐஸ்கிரீம் குச்சியில் பாதிகூட இல்லை. வெள்ளைப் பிளாஸ்டிக்கின் மேல் கறுப்பு மையில் மூன்று கோடுகள், நுனியில் ஒரு வட்டம்.

"இம்புட்டுத்தானா? இதுக்கா இத்தன வருசம்?"

"அந்த வட்டத்து மேல தாமிரத் துகள் இருக்குண்ணே. கண்ணுக்குத் தெரியாது. ஒரு தலமுடியக் குறுக்க ஆயிரமாப் பொளந்தா எம்புட்டு இருக்குமோ, அம்புட்டுச் சின்னது. அதத்தான் நானோங்கிறது. ஒரு சொட்டு ரத்தம் வச்சாப் போதும். கிட்னி வெளிய தள்ள வேண்டிய உப்பு ரத்தத்துல எம்புட்டுத் தங்கிக் கெடக்குன்னு கரண்ட்ட வச்சே சொல்லிரும்."

"அதுக்கு ஆஸ்பத்திரில டெஸ்ட் இருக்கே?" என்றாள் செவந்தி.

"இருக்கு அண்ணி. ஆனா யாரு போயிப் பாக்குறா? காலு வீங்குனப்புறந்தான் போறாங்க. இது வீட்லயே பாக்குறது. சுகர் பாக்குற மிஷின் மாதிரி."

ரத்தினவேலுக்குப் பெருமை தாங்கவில்லை. விரலை நீட்டினான். "எனக்குப் பாரு."

நோயில்லாத ஆட்களின் ரத்தம் இளமதிக்கு எப்போதும் தேவைப்பட்டது. பட்டை சரியாக அளக்கிறதா என்று பார்க்க, நன்றாக இருக்கிறவர்களின் அளவு எவ்வளவு என்று முதலில் தெரிய வேண்டும். அண்ணனைவிட ஆரோக்கியமான ஆள் யார்? சவுதியில் சாரம் கட்டுகிற வேலை. தோளும் கையும் கருங்கல்போல இருந்தன. ஊசிமுனை பட்டதும், "ஆத்தாடி" என்று பொய்யாகக் கத்தி அவளைச் சிரிக்க வைத்தான். அவள் துளியைப் பட்டையில் வைத்துக் கருவியோடு இணைத்தாள். கணினித் திரையில் கோடு மெல்ல ஏறத் தொடங்கியது. ஏறி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் மேலே போனது.

வேறு பட்டை எடுத்தாள். மறுபடி அதே உயரம். மூன்றாவது பட்டையிலும் அப்படித்தான்.

அவளுக்குப் பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. அந்தப் பட்டைகள் அவளை எத்தனையோ முறை ஏமாற்றியிருந்தன. ஒருமுறை அவளுடைய நெறியாளர் ஆனந்தராஜுக்கே சிறுநீரகம் போய்விட்டது என்று காட்டி, மனிதர் பதறிப்போய் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு வந்தார். ஒன்றுமில்லை. சளிக்காக அவர் சப்பிக்கொண்டிருந்த வைட்டமின் மாத்திரைதான் பட்டையைக் குழப்பியிருந்தது. அந்த மாத்திரையின் குழப்பத்தைத் தடுக்க ஒரு பூச்சு சேர்த்து, மறுபடி முதலிலிருந்து செய்த பட்டைகள் இவை. இவையும் சரியில்லையா என்று அவளுக்கு அலுப்பாக இருந்தது.

பக்கத்து அறையிலிருந்து ஆனந்தராஜ் வந்து திரையைப் பார்த்தார். ரத்தினவேலின் கைகளையும் பார்த்தார்.

"நேத்து என்ன சாப்பிட்டீங்க தம்பி?"

"நேத்து நம்ம வீட்டுக் கிடாங்க சார். ரெண்டு வேளையும் கறிதான்."

"அதான். கறி தின்னா ஏறும். ஒழைக்கிற ஒடம்புக்கும் கொஞ்சம் கூடத்தான் இருக்கும். இதக் கணக்குல சேக்க வேணாம்மா, விட்டுரு. வேற ஆளப் பாத்துக்கலாம்."

அவர் சொன்னது தப்பில்லை. பாடப்புத்தகத்திலேயே உள்ளதுதான். ஆனாலும் அவர்களை வழியனுப்ப வண்டிவரை வந்த இளமதிக்கு மனசு ஒப்பவில்லை.

"அண்ணே, திரும்பிப் போறதுக்குள்ள ஆஸ்பத்திரில ஒரு தடவ உப்பு பாத்துருண்ணே."

"ஏன், ஒன் பட்டை என்ன சொல்லுது?"

"கொஞ்சம் தூக்கலாக் காட்டுது. பட்டைலதான் கோளாறா இருக்கும். இருந்தாலும் பாத்துரு."

"நேத்து நான் தின்ன தீனிக்கு அது அலறத்தான் செய்யும்," என்று சிரித்து வண்டியை உதைத்தான். பின்னால் ஏறி உட்கார்ந்த செவந்திதான், "பாத்துருவோம் மதி. நான் கூட்டிட்டுப் போறேன்," என்றாள்.

போகவில்லை. புது வீட்டுக்குத் தளம் போடுகிற வேலை அந்த வாரம்தான் வந்தது. கம்பி கட்ட ஆள் வரவில்லை என்று ரத்தினவேலே மேலே ஏறிக் கட்டினான். ஜல்லி இறக்க, மணல் இறக்க, கலவை மிஷின் பிடிக்க என்று விடிந்தால் அடைந்தால் அதுவே பாடாக இருந்தது. தளம் காய்வதற்குள் விடுப்பு தீர்ந்துவிட்டது. திருச்சி விமான நிலையத்துக்குப் போகும் வழியில் இளமதி போன் செய்து கேட்டாள்.

"அங்கிட்டுப் போனதும் மெடிக்கல் பாப்பாங்க மதி. அதுல தெரிஞ்சுரும்," என்றான். அவளும் சரி என்றாள். அந்த மாதம் அவளுக்கு முதல் கட்டுரை அனுப்ப வேண்டிய அவசரம் இருந்தது.

அங்கே மெடிக்கல் எதுவும் பார்க்கவில்லை. வெயில் காலம் முடிவதற்குள் அங்கிருந்து போன் வந்துவிட்டது. கூடத் தங்கியிருந்தவர் பேசினார். ரத்தினவேல் சாரத்தின் மேலேயே மயங்கிச் சாய்ந்துவிட்டதாகவும், இடுப்பில் கட்டியிருந்த பெல்ட்டுதான் அவனைத் தாங்கியது என்றும் சொன்னார். விமான நிலையத்தில் அவனைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். முகம் உப்பி, கண் இடுங்கி, செருப்பு போட முடியாமல் கால் வீங்கியிருந்தது. ஹரிணி அவனை அடையாளம் தெரியாமல் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

அரசு மருத்துவமனையில் அவனைப் பார்த்த டாக்டர் இலக்கியா இளம் வயதுக்காரர். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வியே, "அங்க தண்ணி நெறையக் குடிப்பீங்களா?" என்பதுதான்.

"மேல ஏறிட்டா அம்புட்டுச் சீக்கிரம் எறங்க முடியாதுங்க டாக்டர். ஒண்ணுக்குப் போகணும்னா கீழ எறங்கி, அங்கிட்டுக் கடைசி வரைக்கும் நடக்கணும். சூப்பர்வைசர் திட்டுவாரு. அதான் தண்ணியக் கொறச்சுக்குவோம். எல்லாருமே அப்புடித்தான்."

"ஒடம்பு வலிக்கு மாத்திர?"

"அது டெய்லி உண்டுங்க."

டாக்டர் பேனாவை மூடினார். வெயிலும் தாகமும் மாத்திரையும் சேர்ந்து வருசக்கணக்காக அரித்திருக்கின்றன, இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன, இனி வாரத்தில் இரண்டு தடவை டயாலிசிஸ்தான் என்றார். "முன்னாடியே ஒரு தடவ பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும்," என்று அவர் சாதாரணமாகச் சொன்னபோது, செவந்தியும் இளமதியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

மறுநாள் இளமதி ஆய்வகத்துக்குப் போய், ஒதுக்கி வைத்திருந்த அந்த அளவுகளைக் கணினியில் திறந்தாள். அதே தொகுப்பில் மிச்சமிருந்த பட்டைகள் ஈரம் படாத பெட்டியில் பத்திரமாக இருந்தன. அளவு தெரிந்த கரைசலைச் சொட்டுவிட்டுச் சோதித்தாள். ஒவ்வொரு பட்டையும் உள்ளதை உள்ளபடி சொன்னது. பட்டையில் எந்தக் கோளாறும் இல்லை. அன்றைய கோட்டின் உயரத்தைக் கணக்குப் போட்டபோது வந்த எண், எந்தக் கறி விருந்தாலும் வரக்கூடிய எண் இல்லை. நாற்காலியை விட்டு எழுந்தாள். அப்படியே மேசைக்கடியில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆனந்தராஜ் வந்து பார்த்தார். திரையைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"கறின்னு சொன்னது நான்தாம்மா," என்றார்.

வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அம்மா பிரகதாம்பாளுக்குப் பட்டையைப் பற்றி ஒன்றும் தெரியாது. மகனுக்கு உப்பில்லாமல் சமைப்பதிலும், காய்களை வேகவைத்துத் தண்ணீரை வடிப்பதிலும் அவள் பொழுது போனது. தண்ணீர்தான் பெரிய பாடு. குடித்தது வெளியேறாமல் உடம்பிலேயே தங்கிவிடும் என்பதால், நாளொன்றுக்கு ஒரு சின்னப் பாட்டில்தான் குடிக்கலாம். மருந்து விழுங்கவும் அதுதான், தாகத்துக்கும் அதுதான். ரத்தினவேல் மூடியில் ஊற்றி ஊற்றி நாக்கை நனைத்துக்கொள்வான். பக்கத்து வீட்டில் குழாயடியில் குடம் நிரம்புகிற சத்தம் கேட்டால் எழுந்து உள்ளே போய்விடுவான்.

ஒருநாள் இளமதி கல்லூரியிலிருந்து வந்தவள் தெரியாத்தனமாக அவன் எதிரே நின்று செம்புத் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்துவிட்டாள். செம்பைக் கீழே வைத்த பிறகுதான் அவன் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

"மன்னிச்சுருண்ணே."

"எதுக்கு? தண்ணி குடிச்சதுக்கா, இல்ல அன்னைக்கு மழுப்புனதுக்கா?"

அவள் செம்பை எடுத்து அவன் கண்ணில் படாத இடத்தில் வைத்தாள்.

"பட்டைல கோளாறா இருக்கும்னு நீதான சொன்ன? ஒன் படிப்ப நான் நம்புனேன். நீ நம்பல. ஒரு வார்த்த அழுத்திச் சொல்லிருந்தா நான் திரும்பச் சவுதிக்குப் போயிருப்பனா?" அவன் குரல் உயர உயர, அடுப்படியிலிருந்து செவந்தி ஓடி வந்தாள். "அவளச் சொல்லாதீங்க. கூட்டிட்டுப் போறேன்னு ஒத்துக்கிட்டது நானு," என்றாள். அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அதன் பிறகு வெகுநாள் அவன் இளமதியோடு பேசவில்லை. டயாலிசிஸுக்கு அவள்தான் கூடப் போனாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருவாள். அவன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வான். உள்ளே போய்ப் படுத்ததும், ரத்தக் குழாய்கள் மிஷினுக்குள் ஓடுவதைப் பார்த்தபடி நான்கு மணி நேரம் கிடப்பான். அவள் வராந்தாவில் உட்கார்ந்திருப்பாள்.

பேச்சைத் தொடங்கியது அவன்தான். அன்று மிஷின் காலியாகவில்லை என்று இருவரும் வராந்தாவில் காத்திருந்தார்கள்.

"படிப்பு என்னாச்சு?"

"ஓடுதுண்ணே."

"பொய் சொல்லாத. ஒன் சாரு போன் பண்ணாரு. நீ லேபுக்குப் போயி ஒக்காந்துட்டு மட்டும் வாரியாம்."

 அவன் கையை நீட்டி அவள் முன்னால் விரலை விரித்தான்.

"மிஷின்ல படுக்குறதுக்கு முன்னாடி ஒரு சொட்டு எடு. எந்திரிச்சப்புறம் ஒரு சொட்டு எடு. இங்கிட்டு எப்புடியும் ரத்தத்த டெஸ்ட்டுக்கு அனுப்புறாங்க. ஒன் பட்டை சொல்றதும் அவுக சொல்றதும் ஒண்ணான்னு பாரு. எனக்குப் பிரயோசனப்படாதது எவனுக்காச்சும் பிரயோசனப்படட்டும்."

"என்னால முடியாதுண்ணே."

"முடியும். கோவம் எனக்கு இன்னும் போவல. அதுக்காக நீ படிக்காமப் போயிராத."

ஆனந்தராஜ் அலைந்து நெறிமுறைக் குழுவின் அனுமதியை வாங்கிக் கொடுத்தார். டாக்டர் இலக்கியா சம்மதித்தார். அதிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் அந்தச் சின்னக் கருவியோடு இளமதி கட்டில் ஓரம் உட்கார்ந்தாள். டயாலிசிஸுக்கு முன்னால் உயரமாக ஏறி நிற்கும் கோடு, முடிந்த பிறகு அடங்கித் தாழ்ந்து வரும். ரத்தினவேல் படுத்தபடியே திரையை எட்டிப் பார்ப்பான். "எறங்கிருச்சு பாரு," என்று பக்கத்துக் கட்டில் பிச்சையிடம் காட்டுவான். கல் உடைக்கிற வேலை பார்த்த பிச்சை, "எனக்கும் பாரு தாயி," என்று கேட்டார். பிறகு ஒவ்வொருவராக விரல் நீட்டினார்கள். தங்கை தன் வேலையைச் செய்வதை ரத்தினவேல் அங்கேதான் முழுசாகப் பார்த்தான். நானோ என்றால் என்ன என்று வந்து போகிறவர்களுக்கெல்லாம் அவனே விளக்கினான்.

இதற்கிடையில் சிறுநீரகம் மாற்றுகிற பேச்சு வந்தது. அம்மாவுக்குச் சர்க்கரை இருந்ததால் அவளுடையதை எடுக்க முடியாது என்றார்கள். செவந்தியின் ரத்த வகை பொருந்தவில்லை. இளமதிக்குப் பொருந்தியது.

"வேணாம். அவளுக்குக் கல்யாணம் காச்சி இருக்கு," என்றான் ரத்தினவேல்.

"நான் ஒன்னக் கேக்கலண்ணே. டாக்டர்ட்டச் சொல்லிட்டேன்."

பிரகதாம்பாள் இருவருக்கும் நடுவில் சோற்றுத் தட்டோடு நின்றாள். "ரெண்டும் நான் பெத்தது. ஒண்ண அறுத்து ஒண்ணுக்கு வையின்னு எந்த வாயால சொல்லுவேன்? வேணாம்னுதான் எந்த வாயால சொல்லுவேன்?" என்று சொல்லிவிட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனாள். அன்று அவள் சாப்பிடவில்லை.

கடைசியில் ஹரிணிதான் அவனை ஒத்துக்கொள்ள வைத்தாள். பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு அப்பா வர முடியவில்லை என்று அவள் அழுததைக் கேட்டுக்கொண்டு கிடந்தவன், மறுநாள் காலை, "மதுரைக்கு எப்பப் போவணும்?" என்று கேட்டான். அங்கே பெரிய மருத்துவமனையில் இளமதிக்கு எல்லாப் பரிசோதனையும் எடுத்தார்கள். சித்திரையில் ஆபரேஷன் செய்துவிடலாம் என்றார்கள். திரும்பி வரும்போது அவன் பஸ்ஸில் அவள் தோளில் சாய்ந்து தூங்கினான். அவன் பேசாமல் இருந்த நாட்களெல்லாம் அந்த ஒரு பயணத்தில் கரைந்துவிட்டதுபோல அவளுக்கு இருந்தது.

பங்குனியில் நார்த்தாமலை மாரியம்மன் திருவிழா. வேண்டுதல் ஒன்று இருந்ததால் செவந்தி போயே ஆக வேண்டும் என்றாள். ரத்தினவேலும் கிளம்பினான். ஆபரேஷனுக்கு முன்னால் அம்மனைக் கும்பிட்டுவிட்டு வரட்டும் என்று பிரகதாம்பாளும் சொன்னாள். அவனுக்கு மறுநாள் டயாலிசிஸ் இருந்தது. இளமதி ஆய்வகத்துக்குப் போயிருந்தாள்.

அன்றைய வெயில் பாறையிலிருந்தும் வந்தது, தலைக்கு மேலிருந்தும் வந்தது. கூட்டத்தில் நடக்க முடியாமல் ரத்தினவேல் ஒரு நீர்மோர்ப் பந்தலில் உட்கார்ந்துகொண்டான். செவந்தி மகளைத் தூக்கிக்கொண்டு தேர் பார்க்கப் போனாள். திரும்பி வந்தபோது அவன் கையில் தம்ளர் இருந்தது. பக்கத்தில் நின்றவர் செம்பைச் சாய்த்து மறுபடி ஊற்றிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, என்ன பண்றீங்க!"

அவன் நிமிர்ந்து பார்த்தான். முகமெல்லாம் நனைந்து, வேட்டியில் மோர் வழிந்திருந்தது. பல மாதங்களுக்குப் பிறகு அவன் முகம் குளிர்ந்திருந்ததை அவள் அப்போதுதான் பார்த்தாள்.

"ஒரே ஒரு தடவ வயிறு நெறையக் குடிச்சுக்கிறேன் செவந்தி. நாளைக்குத்தான் மிஷின்ல எடுத்துருவாங்கள்ல?"

எத்தனை தம்ளர் குடித்தான் என்று பந்தல்காரருக்கே தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் படுக்க முடியவில்லை. உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் திணறினான். பொழுது சாயும் நேரத்தில் ஆம்புலன்ஸ் வந்தது. சித்தன்னவாசல் பிரிவைத் தாண்டும்போது அவன் செவந்தியின் கையை இறுக்கிப் பிடித்தான். அடுத்த ஊர் வருவதற்குள் பிடி தளர்ந்துவிட்டது. செய்தி கேட்டு ஓடி வந்த இளமதி மருத்துவமனை வாசலில் நின்றிருந்தாள். வண்டியின் பின்கதவு திறந்ததும், உள்ளே அண்ணி உட்கார்ந்திருந்த விதத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கருமாதி முடிந்து, வந்தவர்கள் எல்லோரும் போன பிறகும் அவள் ஆய்வகம் பக்கம் போகவில்லை. மதுரையிலிருந்து ஆபரேஷன் தேதியைச் சொல்லப் போன் வந்தபோது, அதை எடுத்துப் பதில் சொன்னவள் அவள்தான். டயாலிசிஸ் அறையில் கிடந்த அண்ணனின் போர்வையை எடுத்து வர ஒருநாள் போனாள். நர்ஸ் மடித்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு திரும்பும்போது, பிச்சை படுத்த இடத்திலிருந்தே கையை நீட்டி விரலைக் காட்டினார்.  அவருக்குக் கண் கலங்கியிருந்தது.  மறுவாரம் இளமதி கருவியோடு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அடுத்த வருடம் அவளுடைய வாய்மொழித் தேர்வு நடந்தது. யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம் என்பதால், அம்மாவும் செவந்தியும் வந்து பின் வரிசையில் உட்கார்ந்தார்கள். எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கேட்கக் கேட்க இளமதி நிதானமாகப் பதில் சொன்னாள். பட்டை நம்பத் தகுந்தது, நோயாளிகளிடமே நிரூபிக்கப்பட்டிருக்கிறது என்று அவர் பாராட்டினார். ஆனந்தராஜ் மேசையைப் பார்த்துக் குனிந்திருந்தார். கைதட்டினார்கள். எல்லோரும் டீ குடிக்க வெளியே போனார்கள். பிரகதாம்பாளையும் யாரோ கூட்டிக்கொண்டு போனார்கள்.

செவந்தி எழுந்திருக்கவில்லை. முன்னால் திரையில் கடைசி வரைபடம் அப்படியே இருந்தது. சாய்வான ஒரு கோடு, அதை ஒட்டி மேலும் கீழுமாகச் சின்னச் சின்னப் புள்ளிகள். இளமதி அவளிடம் வந்தாள்.

"இதுல எது அவரு?" என்று கேட்டாள் செவந்தி.

பெயரும் அடையாளமும் யாருக்கும் சொல்லக் கூடாது என்பது விதி. இளமதி அவளைக் கைபிடித்துத் திரைக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போனாள்.

"இந்தா, இதெல்லாம் அண்ணன். மேல இருக்கறது மிஷின்ல படுக்குறதுக்கு முன்னாடி. கீழ இருக்கறது எந்திரிச்சப்புறம்."

செவந்தி விரலால் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டாள். திரையின் வெளிச்சம் அவள் கைமேல் விழுந்து, தொட்ட புள்ளிகள் அவள் நகத்தின் மேல் வந்து நின்றன.

"மொதல்ல எடுத்தியே, நாங்க வண்டில வந்தமே அன்னைக்கு. அது எங்கிட்டு இருக்கு?"

"அது இல்ல அண்ணி."

"ஏன்?"

"பக்கத்துல வச்சுப் பாக்க ஆஸ்பத்திரி டெஸ்ட்டு வேணும். ரெண்டு அளவும் இருந்தாத்தான் இதுல சேக்க முடியும். அன்னைக்கு அண்ணனுக்கு அந்த டெஸ்ட்டு எடுக்கலல்ல. அது சரியாத்தான் சொல்லுச்சுன்னு எனக்குத் தெரியும். நிரூபிக்க முடியாது."

செவந்தி வெறுமையாக இருந்த இடங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முன் வரிசை நாற்காலி ஒன்றில் மெல்ல உட்கார்ந்தாள். இளமதியும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேக்குறேன். மழுப்பாமச் சொல்லு. அன்னைக்கே ஆஸ்பத்திரில பாத்திருந்தா அவரு இருந்திருப்பாரா?"

இதே கேள்வியை டாக்டர் இலக்கியாவிடம் எப்போதோ இளமதி கேட்டிருந்தாள். அவர் சொன்ன பதிலை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இல்லை அண்ணி, அப்பவே முத்திப்போயிருந்துச்சு என்று சொல்லிவிட்டால் செவந்தி இன்றைக்குக் கொஞ்சம் தூங்குவாள். சொல்ல வாயெடுத்தாள். முடியவில்லை.

"இருந்திருப்பாரு அண்ணி. முழுசாக் கொணமாயிருக்காது. ஆனா அந்த வேலைய விட்டுட்டு, மருந்து மாத்திர சாப்பிட்டு, ஊர்லயே இருந்திருந்தா, மிஷினே இல்லாம ஏழெட்டு வருசம் ஓட்டியிருக்கலாம்னாங்க."

செவந்தி தலையை ஆட்டினாள். அழ மாட்டாள் என்றுதான் இளமதி நினைத்தாள். சாவு வீட்டிலும் அவள் அதிகம் அழவில்லை, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வெறித்தபடியே இருந்தாள். இப்போது முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு, குனிந்து, முதுகு குலுங்க அழுதாள். இளமதி அவள் முதுகில் கை வைத்தாள். செவந்தி அந்தக் கையைத் தட்டிவிடவும் இல்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை.

"ஏழெட்டு வருசம்," என்றாள் கடைசியில், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "ஹரிணி பெரிய மனுசி ஆயிருப்பா."

கதவைத் திறந்து பிரகதாம்பாள் எட்டிப் பார்த்தாள். கையில் காகிதக் கப்பில் டீ. "ஏத்தா மதி, ஒன்ன அங்கிட்டுப் போட்டோ எடுக்கக் கூப்புடுறாக. வெளிய மாலையோட நிக்கிறாக."

"போ," என்றாள் செவந்தி. "காத்துக்கிட்டு இருப்பாக."

"போறேன் அண்ணி," என்றாள் இளமதி. எழுந்திருக்கவில்லை. பிரகதாம்பாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு உள்ளே வந்து, கதவைச் சாத்திவிட்டு, மருமகளின் மறுபக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, டீயை அவள் கையில் கொடுத்தாள்.